முன்னப்பின்ன

மணி கேட்டால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், சுவர்க்கடிகாரத்தைப் பார்ப்பார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்ப்பார். "பத்தே கால். ரெண்டு நிமிஷம் முன்னப்பின்ன இருக்கும்."

வண்டிப் புகையை அளக்கும் கருவிகள் ஒழுங்காக அளக்கின்றனவா என்று அளப்பது அவர் உத்தியோகம். வெளிச்சத்தில் சரிபாதியை மறைக்கும் சாம்பல்நிறக் கண்ணாடிச் சில்லு ஒன்று வைத்திருக்கிறார். அதைச் செருகினால் கருவி ஐம்பது காட்ட வேண்டும். காட்டாவிட்டால் திருகிக் காட்டவைப்பார். பிறகு விளக்கின் சோர்வு, அறையின் வெக்கை, மின்சாரத்தின் ஏற்ற இறக்கம் என்று ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஓர் எண் கொடுத்துக் கூட்டிப் பெருக்கி, சான்றிதழின் அடியில் "இரண்டு முன்பின்" என்று எழுதுவார். அந்த வரியை இதுவரை யாரும் படித்ததில்லை.

சோதனை நிலையத்து மெக்கானிக்குகளுக்கு அவர் "முன்னப்பின்ன சார்". வீட்டில் உப்பு சரியா என்று கேட்டாலும் அதே பதில். "பொண்டாட்டி ஒருத்திதானா, இல்ல அதுலயும் முன்னப்பின்ன உண்டா?" என்பாள் மனைவி.

போன வாரம் அவள் தம்பியின் பள்ளி வேன் அவர் சரிபார்த்த கருவியில் அறுபத்து நான்கு வாங்கித் தேறியது. அறுபத்தைந்தைத் தாண்டினால் வண்டி ஓடக்கூடாது. திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது.

இன்று காலை சில்லை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். நட்டநடுவில் ஒரு கட்டைவிரல் ரேகை, சட்டை நுனி இழுகிய எண்ணெய்ப் பூச்சோடு. அவருடையதுதான். ஸ்பிரிட்டால் துடைத்துச் செருகினார். நாற்பத்தேழு. ரேகை மறைத்த வெளிச்சத்தையும் சேர்த்தே ஐம்பதுக்குத் திருகியிருக்கிறார். இத்தனை நாளும் கருவி மூன்று குறைத்துச் சொல்லியிருக்கிறது. அவர் பட்டியலில் எல்லாச் சந்தேகமும் இருந்தது, அவரைத் தவிர.

இரண்டை ஐந்தாக்கி எழுதிவிட்டால் மூன்று அதற்குள் மூழ்கிவிடும். யாரும் படிக்கப்போவதில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மைத்துனன் வந்திருந்தான். செருப்பைக் கழற்றும்போதே அவனிடம் சொன்னார்.

"அந்தப் புகைச் சான்றிதழக் குடு. வண்டிய நாளைக்குத் திரும்பக் கொண்டா."

"என்ன மாமா, முன்னப்பின்ன இருக்கும்னு நீங்கதானே சொல்வீங்க?"

"இதுல முன்ன மட்டுந்தாண்டா. பின்ன இல்ல."

உள்ளேயிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "வேன் நின்னா அவன் என்னங்க பண்ணுவான்?"

மைத்துனன் முனகிக்கொண்டே காகிதத்தை நீட்டினான். அதை ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில், கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, வாங்கினார்.