கூப்பிட்டால் மட்டும் திறக்கும் வாசல்

எங்கள் முனிர்கா வீட்டுக்கு எதிர்வீட்டு ஆன்ட்டி இன்று காலையும் கூப்பிடாமலே உள்ளே வந்து, ஃபிரிட்ஜைத் திறந்து இரண்டு பச்சைமிளகாய் எடுத்துக்கொண்டு, எனக்குச் சம்பளம் உயர்ந்ததா என்று விசாரித்துவிட்டுப் போனார். தில்லிக்கு வந்து பதினைந்து வருடமாகியும் இதற்கு நான் பழகவில்லை. நானோ அவர் மகள் கல்யாணத்துக்கே, வாசலில் வந்து கூப்பிடாமல் கைபேசியில் பத்திரிகை அனுப்பிவிட்டார் என்று போகாமல் இருந்த தூத்துக்குடிக்காரன். அங்கிருந்து வந்த லட்டுகளை மட்டும் கூச்சமில்லாமல் தின்றேன்.

என் பிழைப்பு, படத்தையும் ஒலியையும் கையாளும் மென்பொருள் எழுதுவது. அதில் சிறு சிறு பாகங்களைக் குழாய் மாதிரி ஒன்றோடொன்று மாட்டுவோம். ஒவ்வொரு பாகமும் தன் இணைப்பு வாசல்களை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். எது உள்ளே வாங்குவது, எது வெளியே விடுவது, எந்த வகைச் சரக்கை ஏற்பது என்றெல்லாம். அந்த வாசல் எப்போதும் இருக்குமா, வரும் சரக்கைப் பார்த்துத் தோன்றுமா, கூப்பிட்டால் மட்டும் தோன்றுமா என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு மூன்றாவதன்மேல் தனிப் பிரியம். மரியாதை தெரிந்த ஏற்பாடு என்று நினைப்பு.

போன மாதம் ஆர்.கே.புரத்தில் தமிழ் விழா. தில்லியிலேயே பிறந்த என் மகள் யாழினி முதல்முறையாக மேடையில் தமிழில் பேசினாள். 'ஜல்தி'யை விட்டுச் 'சீக்கிரம்' சொல்லவே இரண்டு வாரம் பயிற்சி. ஊரில் தனியாக இருக்கும் அப்பா பார்க்கட்டும் என்று நான் எழுதிய மென்பொருளிலேயே நேரலை அனுப்பினேன். மைக்செட்காரர் ஒரு வயரை என் கணினியில் செருகிவிட்டு, சத்தம் போகிறதா என்று கேட்டார்: "பையா, ஆவாஸ் ஜா ரஹீ ஹை?" அரங்கமே அதிர்ந்துகொண்டிருந்தது. அதைத்தான் விசாரிக்கிறார் என்று எண்ணி, "அச்சா, அச்சா" என்று பெருமையாகத் தலையாட்டினேன்.

முடிந்ததும் அப்பாவை அழைத்தேன்.

"பிள்ள அழகாப் பேசுனாய்யா. கையெல்லாம் நல்லா ஆட்டுனா."

எனக்கு நெருடியது. "சத்தம் வந்துச்சாப்பா?"

"சத்தமே வரல. நீ வேலையா இருப்பே, எதுக்குத் தொந்தரவுன்னு சும்மா பாத்துட்டு இருந்தேன்."

கணினியைத் திறந்து பார்த்தேன். ஒலிக்கான வாசலைக் 'கூப்பிட்டால் மட்டும்' என்று அறிவித்திருந்தேன். கூப்பிடும் வரியை எழுத மறந்திருந்தேன். அதை 'எப்போதும்' என்று மாற்ற அரை நிமிடம்கூட ஆகவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பேருந்து நிறுத்தத்தில் நின்று யாழினி முழுப் பேச்சையும் தாத்தாவுக்குக் கைபேசியில் மறுபடி பேசிக் காட்டினாள். பிறகு கைபேசியை என்னிடம் கொடுத்தாள். பதினைந்து வருடத்தில் முதல்முறையாக அப்பா கூப்பிட்டார்.

"ஊருக்கே வந்துருதியாய்யா?"

கூப்பிட்டால் போய்விடலாம் என்றுதான் இத்தனை வருடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நண்பர்களிடம், மனைவியிடம், எனக்கு நானே. இப்போது கூப்பிட்டுவிட்டார். யாழினி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, ஜல்தி! நம்ம பஸ்!"

ஒரு காலைப் பஸ் படியில் வைத்தேன். மற்றது இன்னும் தரையில் இருந்தது. அப்பாவின் மூச்சுவரை துல்லியமாகக் கேட்டது.

"சத்தம் சரியா வரலப்பா" என்றேன்.