ஸ்பீக்கர் முனகலும் என் ரப்பர் செருப்பும்

கோபத்தோடு எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை. ஒவ்வொரு ஷிஃப்டிலும் எல்லா மெஷினுக்கும் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்.

வீட்டில் புது ஸ்டீரியோ வாங்கியதிலிருந்து ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். ஒயரை மாற்றினார். ஃபில்டர் வாங்கினார். ஃபிரிட்ஜைக்கூட நிறுத்திப் பார்த்தார். போகவில்லை. இன்று அதற்காகவே கூட வேலை செய்யும் செல்வம் அண்ணனை அழைத்து வந்தார்.

செல்வம் அண்ணன் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டுக் கத்தினார்: "இன்னாபா இது? எவனோ எர்த் கம்பியை வெட்டிட்டு மேல சிமெண்ட் பூசிக்கீறான்! கரண்ட் லீக் ஆனா தரைக்குப் போவ வழியே இல்ல. ஆள் மேலதான் பாயும்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வாஷிங் மெஷினைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்று ஒரு வருஷமாகச் சொல்கிறேன். "ஈரக்கையோட தொட்டா அப்படித்தான். செருப்பு போட்டுக்கினு தொடு" என்று, நான் முதல்முறை அலறிய மறுநாளே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிக்கொடுத்தவர் இவர்.

மதியத்துக்குள் புது எர்த் போட்டாயிற்று. "இப்ப கேளு, இன்னா க்ளியரு!" என்கிறார், முகமெல்லாம் சிரிப்பாக.

ஸ்பீக்கர் முனகியதற்கு ஆள் வந்தது. நான் அலறியதற்குச் செருப்பு வந்தது.

உங்கள் வீட்டில் எது முனகினால் ஆள் வரும்?