செம்புக் கோடு

சுழலும் தட்டில் ஈரமான உப்புத்தாள் ஒட்டியிருந்தது. வலக்கையின் மூன்று விரல்கள் ஒரு சிறிய ரெசின் வில்லையைப் பிடித்து அதன்மேல் வைத்தன. இடக்கை நீர்க்குழாயைக் கொஞ்சம் திறந்து கொஞ்சம் மூடியது. ஒரு மூச்சு விடும் நேரம்தான். வில்லை மேலே வந்தது. விரல்கள் அதைத் துடைத்து, விளக்கின்கீழ் சாய்த்துப் பார்த்து, கால் திருப்பம் திருப்பி மறுபடி வைத்தன. முந்தைய தாள் போட்ட கீறல்களை இந்தத் தாளின் கீறல்கள் குறுக்கே அறுத்துக்கொண்டு போயின. பழைய கீறல் ஒன்றுகூட மிஞ்சாதபோதுதான் இதைவிட நைசான அடுத்த தாள்.

அந்தக் கைகளுக்குரியவளை ஆய்வுக்கூடத்தில் 'சாணை' என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் அங்கே குப்பிகள் கழுவும் வேலையில் சேர்ந்தாள். பக்கத்து மேசையில், பொருள்களின் உள்ளடுக்கு தெரியும்படி தேய்ப்பவரைக் கவனித்துக் கவனித்து, குப்பைக்குப் போகும் சார்ஜர்களையும் ரிமோட்களையும் ரெசினில் புதைத்துத் தானாகவே தேய்த்துப் பார்த்தாள். முதலில் எல்லாம் கோணல்தான். கோணல் எந்த விரலால் வருகிறது என்று தெரிந்துகொள்ளவே வெகுகாலம் ஆனது. அவர் வேலையை விட்டுப் போனபோது மேசை இவளுக்கு வந்தது.

இப்போது வில்லைக்குள் புதைந்திருந்தது ஒரு செல்போனின் துண்டு. இரண்டு பெரிய கம்பெனிகள் வழக்காடிக்கொண்டிருந்தன. கம்பியில்லாமல் சார்ஜ் ஏறும் பகுதியின் நடுவில் மெல்லிய செம்புக் கோடு ஒன்றை ஓட்டிச் சூட்டை வெளியேற்றுவது தன் காப்புரிமை என்றது ஒன்று. எங்கள் போனில் அப்படி ஒரு கோடே இல்லை என்றது மற்றது. கோடு இருந்தால், அந்த மாடல் அதிகம் விற்கும் நாட்டுக்குள் அதை இறக்குமதி செய்யத் தடை வரும். முதல் தொகுதிப் போன்களைத்தான் பார்க்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. முத்திரையிட்டு வைத்திருந்தவற்றில் ஒன்று வேறோர் ஆய்வுக்கூடத்தில் அளவு மீறித் தேய்ந்து வீணாகிவிட்டது. மிச்சமிருந்த ஒன்றுதான் இவள் விரல்களுக்கிடையே இருந்தது. கோடு இருந்தாலும் தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு பருமன்கூட இருக்காது. கொஞ்சம் அதிகமாக அழுத்திவிட்டால், அது இருந்ததா இல்லையா என்று இனி எவராலும் சொல்ல முடியாது.

அதற்கெல்லாம் பயந்தவள் இல்லை அவள். பயம் ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடு தேடி வந்தது.

தங்கை வந்திருந்தாள். அவளும் அவள் வீட்டுக்காரரும் ஒரு போன் தொழிற்சாலையில் போன்களைப் பெட்டியில் அடைக்கும் வேலையில் இருந்தார்கள். எந்த போன் என்று அக்கா கேட்டதில்லை. தங்கை வெங்காயம் உரித்தபடி ஆரம்பித்தாள்.

"எங்க லைனை மூடிடுவாங்க போல இருக்குக்கா."

"ஏன்டி?"

"ஏதோ கேஸாம். நாங்க டப்பாவுல போடற மாடலை அந்த நாட்டுல எறக்கவே விடமாட்டாங்களாம். எறக்கலேன்னா, நாங்க அந்த டப்பாவுக்குள்ளேயே போய் உக்காந்துக்க வேண்டியதுதான்." சிரித்துக்கொண்டே மாடலின் பெயரையும் சொன்னாள்.

அக்காவின் கையிலிருந்த கரண்டி நின்றது.

"எவனோ ஒருத்தன் அந்த போனை வெட்டித் தேய்ச்சுப் பாக்கறானாம், சூப்பர்வைசர் சொன்னாரு. நீங்கல்லாம் செய்யற மாதிரி வேலைதான். உனக்கு அந்த ஆளைத் தெரியுமாக்கா?"

"எனக்கு என்ன தெரியும்? வர்றதைத் தேய்ப்போம், போறதைக் கொடுப்போம்."

"யாரா இருந்தாலும் சரி, அவன் கை விளங்காமப் போகட்டும்."

"அப்படியெல்லாம் சொல்லாதடி!"

"நீ ஏன்க்கா அவனுக்கு வக்காலத்து வாங்கறே? உன் சோத்துலயா மண்ணு விழுது? நாங்க ரெண்டு பேரும் ஒரே லைன். ரெண்டு பேரும் ஒண்ணா வீட்டுல உக்காந்தா, புள்ளைங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறது?" சொல்லும்போதே தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயத்தின்மேல் பழி போட்டுப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை சாணை வில்லையை எடுத்தாள். தட்டு சுழன்றது. விரல்கள் கீழே போகவில்லை. கை வழுக்கிவிட்டால்? வழுக்கியது என்று யார் நம்புவார்கள்? அதைவிட மோசமான ஒன்று அடுத்து வந்தது. வழுக்கியதா, தான்தான் வழுக்கவிட்டோமா என்று தனக்கே தெரியாமல் போய்விடுமே. தட்டை நிறுத்திவிட்டு, மேலதிகாரியின் அறைக்குப் போனாள்.

"மேடம், இந்த போனைச் செய்யற பாக்டரியில என் தங்கச்சி வேலை பாக்கறா. அவ வீட்டுக்காரரும்."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "எப்பத் தெரியும்?"

"நேத்து."

"பாதி தேய்ச்சாச்சே!"

"ஆமா மேடம்."

அதுதான் சிக்கல். ஒவ்வொரு கைக்கும் ஒரு சாய்வு உண்டு. பாதியில் கை மாறினால் தளம் மாறும், ஒரு பக்கம் முந்தித் தேய்ந்துவிடும். மேடம் இரு தரப்பு வக்கீல்களையும் அழைத்துப் பேசினார். கதவுக்கு வெளியே நின்றவளுக்கு வார்த்தைகள் கேட்கவில்லை. குரல் ஏறுவதும் இறங்குவதும் மட்டும் கேட்டது. வேலை போய்விடும் என்றே முடிவுகட்டிவிட்டாள். போய்விட்டால் தேவலை என்றும் ஒரு நினைப்பு வந்தது. கடைசியில் முடிவு வேறாக இருந்தது. மிஞ்சிய ஒரே துண்டைப் புதுக் கையில் கொடுக்க இரு தரப்புக்குமே துணிவில்லை. இவளே முடிக்கட்டும், ஆனால் தரப்புக்கு ஒருவர் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும், மேலே கேமராவும் ஓட வேண்டும் என்றார்கள்.

வழக்குப் போட்ட கம்பெனி சார்பில் டை கட்டிய ஒருவரும், போன் செய்த கம்பெனி சார்பில் கண்ணாடி போட்ட ஒரு பெண்ணும் வந்தார்கள். கேமராவை மாட்டியவன் 'தும்மல்'. தூசி ஆகாத அறையில் தும்மித் தும்மியே பெயர் வாங்கியவன்.

"சாணை, உன் கல்யாணத்துலகூட இவ்வளவு பக்கத்துல கேமரா வச்சிருக்க மாட்டாங்க."

"நீ தும்மாம இருடா, அது போதும்."

"அதுக்குத்தான் ரெண்டு முகமூடி போட்டிருக்கேன்."

அவள் சிரிக்க முயன்றாள்.

துண்டில், கோடு இருக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நுண்ணிய வட்டத் துளை உண்டு. பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டே போனால் துளை அகலமாகிக்கொண்டே வரும். முழு அகலம் காட்டும் இடம்தான் கோட்டைத் தேட வேண்டிய நடு. அதைத் தாண்டினால் மறுபடி குறுகும். அவள் ஒரு முறை தேய்ப்பாள், மைக்ராஸ்கோப்பின் கீழ் வைப்பாள், திரையில் துளையின் அகலத்தைப் பார்ப்பாள், மறுபடி தேய்ப்பாள். பின்னால் இரண்டு பேர் மூச்சுவிடுவது காதில் விழுந்துகொண்டே இருந்தது. துளை முழு அகலத்துக்கு வந்தது. வைரத்தூள் கலந்த பசை தொட்டு மெருகேற்றித் திரையில் பார்த்தாள்.

நடுவில் செந்நிறமாக ஒரு தீற்றல் கலங்கலாகத் தெரிந்தது.

"அதோ, அதான்!" என்றார் டைக்காரர்.

"அது அழுக்கு" என்றார் கண்ணாடிக்காரம்மா.

"ரெண்டு பேரும் பேசக் கூடாது" என்றார் மேடம்.

திரையில் தெரிந்தது கோடும் இல்லை, அழுக்கும் இல்லை. சார்ஜ் ஏறும் பகுதியில் சுற்றிலும் செம்புச் சுருள் உண்டு; செம்பு மெத்தென்ற உலோகம். தேய்க்கும்போது இழுபட்டுப் பக்கத்து இடத்தில் பூசிக்கொள்ளும். ஈஷல் என்பார்கள் அந்த அறையில். அது இல்லாத கோட்டை இருப்பதாகக் காட்டும், இருக்கும் கோட்டை மூடியும் வைக்கும். நீக்க வேண்டுமானால் இன்னும் மெல்லிய மெருகு ஒன்று போட வேண்டும். அந்த மெருகில் கோடே போய்விடவும் கூடும்.

மேடம் அவளைச் சன்னல் பக்கம் அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார். "இதோட நிறுத்திடலாம். தெளிவா இல்லைன்னு எழுதிடறேன். இன்னொரு தடவை தேய்ச்சுப் போயிடுச்சுன்னா, போனது போனதுதான். இப்ப நிறுத்தினா யாரும் உன்னைக் குறை சொல்ல மாட்டாங்க."

தெளிவில்லை என்றால் வழக்கு இழுத்துக்கொண்டு போகும். லைன் ஓடும். தங்கை பெட்டி அடைத்துக்கொண்டிருப்பாள். பொய் சொல்ல வேண்டியதில்லை, கையை வழுக்கவிட வேண்டியதில்லை. சரி மேடம் என்று இரண்டு சொல் போதும். அவ்வளவு சுலபமாக இருந்ததுதான் அவளை மேலும் பயமுறுத்தியது.

"மேடம், அது ஈஷல்."

"தெரியும்."

"அதைக் கொடுத்தா, பாக்காமலே கொடுத்த மாதிரி ஆயிடும்."

"போயிடுச்சுன்னா?"

"துளையைப் பாத்துக்கிட்டே தேய்க்கறேன். அகலம் குறையாத வரைக்கும் நடுவுலதான் இருக்கோம். குறைய ஆரம்பிச்சா நீங்களே என் கையைப் பிடிச்சிடுங்க."

மேடம் அவள் முகத்தையே பார்த்தார். "வா. நான் பக்கத்துலயே நிக்கறேன்."

இருந்ததைப் படம் எடுத்துவைத்தார்கள். தட்டை ஓட்டவில்லை. மேசைமேல் கம்பளித் துணியை விரித்து, சொட்டுச் சொட்டாக மெருகுத் திரவம் விட்டு, அதன்மேல் வில்லையைக் கையாலேயே இழுத்துத் தேய்த்தாள். அழுத்தவே இல்லை, வில்லையின் கனமே போதும் என்று விட்டாள். ஒரு இழுப்பு, ஒரு பார்வை. துளை குறையவில்லை. இன்னொரு இழுப்பு. முதுகில் வியர்வை வழிந்தது. விரல்நுனிகள் மட்டும் எப்படியோ காய்ந்தே இருந்தன. போயிருக்கும் என்று ஒரு முறை நினைத்தாள். போயிருக்கட்டும் என்றும் நினைத்தாள். நினைத்ததும் கையை எடுத்துவிட்டு, அந்த நினைப்பு போகும்வரை காத்திருந்தாள். மறுபடி தேய்த்தாள்.

கலங்கல் விலகியது. துளை முழு அகலத்தில் இருந்தது. அதன் பக்கத்தில், நடுவோடு நடுவாக, மயிரிழையைவிட மெல்லிய செம்புக் கோடு நேராக ஓடியது.

கண்ணாடிக்காரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டைக்காரர் குனிந்து திரையை இன்னொரு முறை பார்த்தார். தும்மல் படம் எடுத்தான், மேடம் அளவெடுத்தார். சாணை திரையைப் பார்த்தபடி நின்றாள். தங்கையின் வாசலில் எப்படிப் போய் நிற்பது, கேட்டால் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்காவிட்டாலும் ஒரு நாள் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வில்லையைக் கழுவி, காற்றில் உலர்த்தி, பஞ்சு வைத்த சிறு பெட்டியில் மெருகேற்றிய முகம் மேலே தெரியும்படி வைத்தாள். மூடும்முன் ஓரத்தில் ஒட்டியிருந்த நூலிழை ஒன்றை ஊதிவிட்டாள். முன்னறையில் நீதிமன்றத்திலிருந்து வந்த அலுவலர் எழுந்து நின்று இரண்டு கைகளையும் நீட்டினார். அவள் பெட்டியை அவர் கையில் வைத்தாள். அவர் பிடித்துக்கொண்ட பிறகும் அவள் விரல்கள் அதன்மேல் இருந்தன.

"விடுங்கம்மா" என்றார் அவர்.

விட்டாள்.