துபாய்க்குப் போகாத ஓனர்

போன வாரம் ஆம்பூரில் ஒரு வீட்டு வாசலை மூன்று முறை கடந்து போனேன்.

முதல் முறை, கதவு எண்ணைச் சரிபார்க்க. இரண்டாம் முறை, சரிபார்த்ததைச் சரிபார்க்க. மூன்றாம் முறை... வேறென்ன, பயம்தான். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் கூச்சம் புதிதல்ல. கண்டக்டர் மீதிச் சில்லறை தர மறந்தால், கேட்டால் அவர் மனம் நோகுமே என்று இறங்கிவிடுகிற ஆள் நான்.

அப்படிப்பட்டவன் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டி என்ன கேட்க வேண்டியிருந்தது தெரியுமா?

ஓ.டி.பி.!

'ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று போனிலேயே ஒரு குரல் நாள் முழுக்கப் பாடம் எடுக்கிறது. இந்தக் காலத்தில் வீடு தேடிப் போய்க் கேட்பவனை என்னவென்று நினைப்பார்கள்?

முதலில் கார் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி செல்வியின் அப்பா ஆலங்காயத்தில் தனியாக இருக்கிறார். மூச்சிரைப்பு. வேலூரிலிருந்து நாங்கள் போக இரண்டு பஸ் மாற வேண்டும். ஆத்திர அவசரத்துக்கு ஒரு வண்டி வேண்டும் என்று, பி.எஃப். பணத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு நான்கு மாதம் முன்பு பழைய கார் பார்க்கப் போனோம். வேலூரில் சாலையோரம் ஒரு கடை. டீலர் வரிசையாகக் கதவுகளைத் திறந்து காட்டிக்கொண்டே வந்தார். ஒரு வெள்ளைக் காரின் கதவைத் திறந்ததும் நான் நின்றுவிட்டேன்.

தோல் வாசனை!

என் அப்பா ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் வேலை பார்த்தார். தினமும் வேலூரிலிருந்து போய் வருவார். ஆம்பூரில் பஸ் ஏறும்போது யாரும் மூக்கைச் சுளிக்க மாட்டார்கள். பாதிப் பேர் மேல் அதே வாசனைதான். வேலூரில் இறங்கி டவுன் பஸ் ஏறினால்தான் அவருக்குப் பக்கத்து சீட் காலியாகும். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிக் கொடியில் போடுவார். அதற்குள் தலையை நுழைத்துக்கொண்டு பேய் மாதிரி வீடு முழுக்க ஓடுவேன் நான். அப்பா போய்ப் பதினெட்டு வருடம் ஆகிறது. அந்தச் சட்டைகளில் ஒன்றைக்கூட நாங்கள் எடுத்து வைக்கவில்லை. யாருக்குத் தோன்றும்?

டீலர் என் முகத்தைத் தப்பாகப் படித்துவிட்டார்.

"சாரி சார். முன்னாடி ஓனரு தோல் கம்பெனி ஆளு. ரெண்டு நாள் கண்ணாடிய எறக்கி ஓட்டுனீங்கன்னா போய்டும்."

"போய்டுங்களா?" என்றேன் கவலையோடு.

"கேரண்டியா போய்டும் சார்!"

இன்ஜினைக் கேட்டு வாங்குபவர்கள் உண்டு. மைலேஜ் கேட்டு வாங்குபவர்கள் உண்டு. ஒரு வாசனைக்காகக் கார் வாங்கியவன் நானாகத்தான் இருப்பேன்.

செல்வி என் முழங்கையை இடித்தாள். "ஆர்.சி. யாரு பேர்ல இருக்குதுன்னு கேளுங்க."

கேட்டேன். அன்றைக்கு நான் செய்த ஒரே வீரச்செயல்.

"ஓனரு துபாய்ல செட்டில் ஆய்ட்டாரு சார். ஃபாரம்ல கையெழுத்தெல்லாம் வாங்கி வச்சிட்டேன். லீவுக்கு வந்தாருன்னா அவரு போனுக்கு ஒரு ஓ.டி.பி. வரும். அவ்ளோதான், மேட்டர் முடிஞ்சிது."

"எப்ப வருவாரு?" என்றாள் செல்வி.

"வந்துட்டே இருக்காரும்மா."

நான்கு மாதமாக வந்துகொண்டே இருந்தார். விமானத்தில் கிளம்பியவர் மாதிரி தெரியவில்லை... துபாயிலிருந்து நடந்து வருகிறார் போலிருக்கிறது.

இன்னொரு விஷயம். கார் கண்ணாடியில் பழைய ஃபாஸ்டேக் ஒட்டியிருந்தது. "பேலன்ஸ் இருக்கற வரைக்கும் ஓட்டுங்க சார், என் கிஃப்ட்" என்றார் டீலர். இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். ஞாயிறுதோறும் ஆலங்காயம் போகும்போது, பள்ளிகொண்டா டோல்கேட்டில் இன்றைக்குத் தீர்ந்திருக்குமோ என்று நிற்பேன். கேட் மேலே போகும். அடுத்த ஞாயிறும் போகும். அதற்கடுத்த ஞாயிறும்.

"டீலரு நல்லவர்தான் செல்வி. நம்மள ஏமாத்த நெனச்சா டேக்ல காசு போடுவாரா?"

"டோல் கட்டி ஏமாத்தறவன நானும் இப்பதான் பாக்கறேன்" என்றாள்.

ஒரு நாள் டீலரின் போன் ஸ்விட்ச் ஆஃப் என்றது. நேரில் போனேன். கார்கள் நின்ற இடத்தில் மொபைல் கவர்கள் தொங்கின. கடைக்காரருக்கு ஒன்றும் தெரியவில்லை. நிற்கச் சங்கடமாக இருந்ததால், தேவையில்லாத ஒரு கவர் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

இன்சூரன்ஸ் முடிய ஒரு வாரம். பெயர் மாறாமல் அதை என் பெயரில் புதுப்பிக்க முடியாது. இன்சூரன்ஸ் இல்லாத காரை எடுத்துக்கொண்டு எந்த தைரியத்தில் ஹைவேயில் போவது? ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கத்தில் இருக்கும் பிரவுசிங் சென்டரில் காகிதங்களை நீட்டினேன். அங்கிருந்த பெண் படிவங்களைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"சார், ஓனரு கையெழுத்து, சாட்சி கையெழுத்து ரெண்டும் ஒரே ஆளு போட்ட மாதிரி இருக்குது. இது தேறாது. ஆமா, அந்த ஓனர நேர்ல போய்ப் பாத்தீங்களா?"

"அவரு துபாய்லம்மா."

"இன்னா சார் நீங்க? ஆர்.சி.ல ஆம்பூர் அட்ரஸ் போட்டிருக்குது!"

துபாய் என்று ஒருவர் சொன்ன பிறகு யார் ஆம்பூரில் தேடுவார்கள்? நான் தேடவில்லை. வேலூருக்கும் ஆம்பூருக்கும் ஒரு மணி நேரம்.

அந்தப் பெண்ணே வழியும் சொன்னார். "ஃபாரத்துல புதுசா கையெழுத்து வாங்குங்க. அவரு வூட்ல உக்காந்துகிட்டு எனக்கு போன் போடுங்க. நான் இங்க தட்டுனா அவரு போனுக்கு ஓ.டி.பி. வரும். அஞ்சு நிமிஷம்தான் டைம்."

அப்படித்தான் பஸ் ஏறி அந்த வாசலுக்கு வந்து சேர்ந்தேன். நான்காவது முறை கதவைத் தட்டிவிட்டேன். தலையில் முக்காடு போட்ட வயதான அம்மா ஒருவர் திறந்தார். வழி நெடுக மனப்பாடம் செய்து வந்த வாக்கியம் சரியான நேரத்தில் காணாமல் போனது.

"அம்மா... கார்... ஓ.டி.பி..."

அவர் உள்ளே திரும்பிக் கத்தினார்: "என்னங்க! ஓ.டி.பி. கேக்கறவன் வூட்டுக்கே வந்துட்டான்!"

உள்ளேயிருந்து கட்டம் போட்ட லுங்கியில் ஒல்லியான பெரியவர் வந்தார். தடித்த கண்ணாடி. ஆர்.சி.யில் இருக்கிற ஜலீல் பாய். துபாயையே பார்க்காதவர்.

கார் நம்பரைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. உட்காரச் சொல்லிவிட்டு டி.வி. மேலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"பெங்களூர்ல இருக்கற எம் பையன் எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்கான். போலீஸ் கம்ப்ளைன்ட். பேரு மாத்தியாச்சுன்னு சொல்லி அந்த டீலரு ஒரு ஜெராக்ஸ் காட்டுனான். பாத்தா, எல்லா மெசேஜும் இன்னும் எனக்கேதான் வருது. வண்டி எங்கனா மோதுனா கேஸு என் மேலதான? நாளைக்கு ஸ்டேஷன்ல குடுக்கணும்."

போலீஸ் ஸ்டேஷன் காம்பவுண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே போன வண்டிகள் துருப்பிடித்து, சீட் வழியாகச் செடி முளைத்து... ராத்திரி மாமனாருக்கு மூச்சு முட்டினால் எதில் போவேன்?

டீலர் கொடுத்த ரசீதை நீட்டினேன்.

அந்த அம்மா வாங்கக்கூட இல்லை. "பேப்பருதான? அத அவன் எங்ககிட்டயும் காட்டுனான்."

நியாயம்தானே? அதே கடைக் காகிதம்தானே அது. அதற்கு மேல் என்னிடம் என்ன இருந்தது?

பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "தம்பி, போன மாசம் ஒரு செவ்வாக்கெழம வண்டி எங்க போச்சு?"

திடுக்கிட்டேன்.

"காலையில பதினொண்ணே கால். பள்ளிகொண்டா டோல்கேட். எப்பவும் ஞாயித்துக்கெழமதான போவும்? அன்னிக்கு ஏன் செவ்வாக்கெழம?"

சொன்னேன். மாமனாருக்கு மூச்சுத் திணறல், பக்கத்து வீட்டிலிருந்து போன். லீவு சொல்லிவிட்டு ஓடினோம். அழைத்து வந்து வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

"ரெண்டரைக்குள்ளயே திரும்ப டோல்கேட்ட தாண்டிட்டீங்க."

"ஆமாங்க பாய்."

"ஞாயித்துக்கெழமன்னா சாயங்காலம்தான் திரும்பும். அன்னிக்குப் போன சூட்டுல திரும்பிடுச்சு. ஆஸ்பத்திரி கேஸுதான்னு அப்பவே இவகிட்ட சொன்னேன்."

"சொன்னாரு" என்றார் அந்த அம்மா. அவர் குரல் இறங்கியிருந்தது. "அன்னிக்கு இவருக்கு சாப்பாடே எறங்கல."

"இப்ப எப்படி இருக்காரு?"

"பரவால்லங்க. வீட்டுக்குள்ள நடக்கறாரு."

பாய் அந்தக் கம்ப்ளைன்ட்டை நான்காக மடித்தார். நான்கு மாதம் எங்கள் குடும்பத்தின் போக்குவரத்தை ஒருவர் ஆம்பூரில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார்! எனக்கு இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது.

"அப்ப... டேக்ல ரீசார்ஜ்?"

"நான்தான்."

"ஏன் பாய்?"

"பேலன்ஸ் இல்லன்னா டோல்கேட்ல நிறுத்திப்புடுவான். பின்னாடி இருக்கறவன்லாம் ஹாரன் அடிப்பான். என் வண்டி ஒரு நாளும் அப்டி நின்னது இல்ல தம்பி."

"டேக்க பிளாக் பண்ணுங்கன்னு பையன் தலையால அடிச்சிகிட்டான்" என்றார் அம்மா. "கேட்டாதான?"

அந்தப் பணத்தைப் பற்றி வாயெடுத்தேன். "அதப் பேசுனா ஓ.டி.பி. கெடையாது" என்றார் பாய்.

அப்புறம் டீ வந்தது. டீயோடு காரின் கதையும் வந்தது. டேனரியில் ஃபினிஷிங் செக்‌ஷனில் மேஸ்திரியான வருடம் அதைப் புதிதாக வாங்கியிருக்கிறார். வாரநாட்களில் டிக்கி நிறைய சாம்பிள் தோல். ஞாயிற்றுக்கிழமை ஆற்காடு. அங்கே அந்த அம்மாவின் தங்கை வீடு. போனால் அந்த ஊர் இனிப்பான மக்கன் பேடா வாங்காமல் திரும்பியதில்லை.

"பள்ளிகொண்டா தாண்டுனதும் போன்ல டிங்குன்னு ஒரு சத்தம் வரும். வண்டி சலாம் சொல்லுதுன்னு இவ சொல்லுவா" என்றார் பாய். "அப்பறம் எனக்குக் கண்ணுல பிரஷரு. டாக்டரு இனிமே ஸ்டீரிங்கத் தொடாதேன்னுட்டாரு. வித்தாச்சு. ரெண்டு வாரம் சத்தமே இல்ல. ஒரு ஞாயித்துக்கெழம காலையில பல்லு வெளக்கிட்டு இருக்கேன்... டிங்!"

செல்வியிடம்கூடச் சொல்லாத விஷயத்தை அப்போது நான் சொல்லிவிட்டேன். எதற்காக அந்தக் காரை வாங்கினேன் என்பதை. அப்பாவின் சட்டையை. பாய் சிரிக்கவில்லை. அந்த அம்மாதான் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"அந்த வாசனைய ஓட்டறதுக்கு நான் எத்தன ஊதுவத்தி கொளுத்துனேன் தெரியுமா!"

படிவங்களில் பாய் கையெழுத்துப் போட்டார். சென்டருக்கு போன் செய்தேன். அந்தப் பெண் அங்கே தட்டினார். இங்கே பாயின் கையில் போன் டிங் என்றது.

போனை மூக்கருகே வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நிமிடம். மூன்று நிமிடம். என் காதில் அந்தப் பெண், "சார், நம்பர்? சார்?" என்கிறார். அவசரப்படுத்த எனக்கு வாய் வருமா?

"இதச் சொல்லிட்டா மெசேஜ் நின்னுடும், இல்ல?" என்றார் பாய்.

"ஆமாங்க. டேகும் புதுசா போடணும்."

அவர் தலையாட்டினார். எண்ணைச் சொல்லவில்லை.

"சார், டைம் அவுட்!" என்றது என் காது.

இரண்டாம் முறை டிங். பாய் போனை மனைவியிடம் நீட்டினார். "எனக்கு கண்ணு தெரியல. நீ படி."

முதல் முறையும் அவருக்குக் கண் தெரிந்திருக்கும்தான். அந்த அம்மா ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். நான் திருப்பிச் சொன்னேன். வேலூரில் அந்தப் பெண் திருப்பிச் சொன்னார். ஆறாவது எண்ணும் போய்ச் சேர்ந்தது.

"முடிஞ்சிது சார்."

பாய் மடித்த கம்ப்ளைன்ட்டை மனைவியிடம் கொடுத்தார். "அடுப்புல போடு."

"கேஸ் அடுப்புல எங்க போடறது?" என்று சொல்லிவிட்டு, அவரே அதைக் கிழித்துக் குப்பையில் போட்டார்.

திரும்பி வரும்போது நினைத்துக்கொண்டேன். சின்ன வயதில் அப்பா எனக்கு ஒரு பழைய சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். விற்றவர் சைக்கிளைக் கையில் கொடுத்துவிட்டு, "செயினு அடிக்கடி கழலும், இப்டி மாட்டணும்" என்று காட்டிக் கொடுத்தார். தெருமுனை வரை கூடவே நடந்து வந்தார். அப்போது ஏன் வருகிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது புரிகிறது. அந்த டீலர் எங்களிடம் எத்தனையோ பொய் சொன்னார். எல்லாவற்றையும்விடப் பெரிய மோசம், விற்றவரும் வாங்கியவரும் ஒரு டீ குடிக்க விடாமல் நடுவில் நின்றதுதான்!

இன்று காலை போன் அடித்தது. ஜலீல் பாய்.

"தம்பி, மெசேஜ் வந்துச்சு. வண்டி உங்க பேருக்கு மாறிடுச்சாம். முபாரக்!"

என் கார் என்னுடையதானது எனக்கே அவர் சொல்லித்தான் தெரிந்தது. நன்றி சொன்னேன். அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. இரண்டு கூச்சக்காரர்கள் போன் பேசினால் அப்படித்தான்.

"நாளக்கி ஞாயித்துக்கெழம. ஆலங்காயம்தான?"

"ஆமாங்க பாய்."

"ஆம்பூரு பஸ் ஸ்டாண்டாண்ட நான் வாக்கிங் வருவேன். எத்தன மணிக்குத் தாண்டுவீங்க?"

"ஏழரைக்குங்க" என்று சொல்லிவிட்டேன்.

ஆறரைக்கே வண்டியை எடுத்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் அதோடு போயிற்று!