சைக்கிளுக்கு ரேடியேட்டர் தண்ணி

கருங்குழி பெட்ரோல் பங்க்ல என் பொண்ணு வண்டிக்கு பெட்ரோல் போட்டுகினு இருந்தா. வாசனை மூக்குல ஏறிச்சி. அவ்ளோதான், நான் அரை டவுசரோட நிக்கிறேன்.

அப்போ இந்த ரோட்டுல ஒரே பங்க்குதான். கையால சுத்துற பம்பு. மேல கீற கண்ணாடி குடுவையில பெட்ரோல் நுரைச்சிகினு ஏறும், பாத்துகினே நிக்கலாம். இன்னா சொல்ல வந்தேன்? ஆங், தண்ணி.

அந்த வருச வெயில்ல எங்க காலனி கெணறு வத்திப்போச்சி. ஊர்க்கெணத்துல எங்களை வுடமாட்டாங்க. பங்க்ல குழா இருந்திச்சேன்னு அம்மா கொடத்தோட போனா.

"வண்டிக்கு மட்டும்தாம்மா தண்ணி"ன்னு மொதலாளி மறிச்சாரு.

மறுநாள் அம்மா, நைனாவோட செயின் அறுந்துபோன சைக்கிள்ல கொடத்தைக் கட்டி தள்ளிகினு போய், தண்ணி புடிக்கிற லாரிங்க பின்னால வரிசையில நின்னா.

"இன்னாக்கா, ரேடியேட்டர் சூடாயிருச்சா?"ன்னு ஒரு லாரி டிரைவர் சிரிச்சாரு.

"ஆமா அண்ணாத்த. வூட்ல ஆறு உசுரு காயுது."

அவரு சிரிப்பை நிறுத்திட்டு மொதலாளிகிட்ட, "இதுவும் வண்டிதான? வுடு மொதலாளி"ன்னாரு. மொதலாளி நவுந்து வழி வுட்டாரு.

அடுத்த நாள்லேர்ந்து காலனி பொம்பளைங்க எல்லாம் வந்தாங்க. சைக்கிள் அந்த ஒண்ணுதான். ஒருத்தி ரொப்பிகினு வெளிய வந்தா, அடுத்தவ அதை வாங்கி தள்ளிகினு வரிசைக்குப் போவா.

நைனா புது செயின் வாங்கியாந்தாரு. அம்மா மாட்ட வுடல.

"நம்ம தெருவுக்கு குழா வரட்டும். அப்புறம் ஓட்டு."

ரெண்டு வருசம் நைனா வேலைக்கு நடந்துதான் போனாரு.