புஷ்பபாய் சொன்ன சாட்சி

பாறசாலையை அடுத்த செங்கல் என்ற ஊர்ப் புஷ்பபாய்க்கு மூக்கடைப்பு கல்யாணத்துக்கு முன்பே வந்து ஒட்டிக்கொண்ட சொந்தம். மழை பிடித்தால் போதும், நெற்றி கனக்கும், மூக்கு இரண்டு பக்கமும் அடைத்துக்கொள்ளும். உப்புநீரால் மூக்கைக் கழுவுவாள், ஆவி பிடிப்பாள், குளித்ததும் நீர் கோக்காமலிருக்க உச்சியில் ராஸ்நாதிப் பொடி தேய்ப்பாள். ஏத்தன் வாழைக்காய் சிப்ஸ் வறுத்துப் பாறசாலை பேக்கரிகளுக்குக் கொடுக்கிறவளுக்கு எண்ணெய்ப் புகை வேறு. பாவம், எத்தனை காலம்தான் தாங்குவாள்!

போன வருடம் சபையில் உபவாச ஜெபம் நடந்தபோது அவளுக்காகவும் ஜெபித்தார்கள். அந்த வாரமே மூக்கு திறந்தது. கோடையும் தொடங்கியிருந்தது, அதை யார் நினைத்தார்கள்? ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று, கர்த்தர் சுகம் தந்தார் என்று கண்ணீரோடு சாட்சி சொன்னாள். மனதாரத்தான் சொன்னாள், அதில் பொய்யே இல்லை. அவள் கணவன் ஈசாக்குக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆட்டோவில் ஏறுகிறவர்களிடமெல்லாம் அதே பேச்சு.

மழையோடு அடைப்பு திரும்பி வந்தது. இந்த முறை இடது பக்கம் மட்டும். சிந்தினால் துணியில் ரத்தம். கன்னம் மரத்தது, மேல்பல் ஒன்று ஆடியது. இது பழைய சங்கதி இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் சாட்சி சொன்னவள் ஆஸ்பத்திரியில் சீட்டு எடுத்து நின்றால் ஊர் என்ன சொல்லும்? துணியை அலசிக் காயப்போட்டுவிட்டு வாய் திறக்காமல் இருந்துவிட்டாள். பாழாய்ப்போன வெட்கம்! இடது கண் வீங்கியபோதுகூட, எண்ணெய் தெறித்துவிட்டது என்று சமாளித்தாள்.

ஒருநாள் சட்டியில் எண்ணெய் கருகிப் புகைந்தும் வாசம் தெரியாமல் அவள் நிற்பதை ஈசாக் பார்த்தான். அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பினால் இடது கண் வெளியே தள்ளியிருந்தது. அன்றே திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனான்.

ஸ்கேனும் சதைப் பரிசோதனையும் முடிந்தபின் டாக்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். கன்னத்து எலும்புக்குள் புற்று, கண்ணையும் எடுத்தாக வேண்டும். சாதாரண சைனஸ் பெரும்பாலும் இரண்டு பக்கமும் அடைக்கும், ஒரு பக்கம் மட்டும் அடைத்து ரத்தமும் வந்தால் அப்போதே வந்திருக்க வேண்டும் என்றார்.

வராந்தாவுக்கு வந்ததும் ஈசாக் உடைந்துபோனான்.

"எங்கிட்டயாவது சொல்லப்பிடாதா? நான் அந்நியனா?"

"நீங்க ஆட்டோல ஏறுத எல்லார்ட்டயும் சந்தோசமா சொல்லிட்டில்லா நடந்திய," என்றாள் புஷ்பபாய். "அந்த முகத்தப் பாத்தா எனக்குச் சொல்ல வாய் வரல்ல."

ஈசாக் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தான். கண்ணை எடுக்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போட நர்ஸ் அவனைத்தான் கூப்பிட்டாள்.