கலிஸ்ரா அக்காவின் நாற்பத்தொரு நோயாளிகள்

எங்கள் மீனவக் கிராமமான நாயாற்றில் கலிஸ்ரா அக்காவை எல்லோரும் டொக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் மட்டும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்க மாட்டார். "பதிவு வரட்டும். அதுக்குப் பிறகு கூப்பிடுங்கோ" என்பார். சிலர் இதைப் பெருமை என்றார்கள், சிலர் விசர் என்றார்கள். நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில் அவருடனேயே திரிந்தவள். இரண்டும் பிழை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

அவருடைய தகப்பன் கிறிஸ்தோப்பர் கடற்றொழில் செய்பவர். இங்குள்ள மருத்துவ பீடம் சில புள்ளிகளால் தவறிப்போக, கனடாவில் இருக்கும் பெரியப்பா உதவ, அக்கா வங்காளதேசம் போய்ப் படித்துப் பட்டத்தோடு வந்தார். ஆனால் வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே வைத்தியராக வேலை செய்வதற்கு முதலில் பதிவுப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். பிறகு ஒரு வருடம் அரசாங்க ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற வேண்டும். அதுவரை ஒரு குளிசைகூட எழுதிக் கொடுக்க முடியாது.

ஊருக்கு இது விளங்கவில்லை. திருக்கை மீன் குத்திய காலோடு ஒருவர் வாசலில் வந்து இருந்தபோது, அக்கா காலைச் சுடுதண்ணீரில் வைக்கச் சொல்லிவிட்டு, ஓட்டோ பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். "ஆறு வருஷம் படிச்சு ஓட்டோ மறிக்கத்தான் பழகியிருக்கிறா" என்று அவர் கரை முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

பரீட்சையின் எழுத்துப் பகுதியில் அக்கா முதல் தடவையே சித்தியடைந்தார். நோயாளியைப் பரிசோதிக்கும் பகுதியில்தான் விழுந்தார். அவருக்குக் கிடைத்த நோயாளி சிங்களம் மட்டுமே பேசும் வயதான பெண். அந்த அம்மா தன் நோய் வருத்தத்தை விரிவாகச் சொன்னார். அக்காவுக்கு விளங்கியது வலி என்ற ஒரு சொல் மட்டும். நேரம் முடிந்துவிட்டது.

"இருமல் எப்ப தொடங்கினது எண்டு எனக்கு வங்காளத்தில கேக்கத் தெரியும். இங்கிலீசில கேக்கத் தெரியும். சொந்த நாட்டில கேக்கத் தெரியேல்லை" என்று என்னிடம் சொன்னார். அழவில்லை. கோபமாக இருந்தார்.

கொழும்பில் போய் நின்று சிங்களம் பழக வசதி இல்லை. ஆனால் ஒவ்வொரு சித்திரையிலும் தெற்கு, மேற்குக் கரைகளிலிருந்து சிங்கள மீனவர்கள் வந்து எங்கள் கரையில் வாடி என்கிற தற்காலிகக் குடிசைகளை அடித்து, புரட்டாசி வரை தொழில் செய்வார்கள். எங்கள் ஆட்கள் தொழில் செய்யும் இடத்தில் அவர்கள் வலை போடுவதைப் பற்றி ஊரில் பெரிய பிணக்கு இருக்கிறது. அவர்களோடு யாரும் கதைப்பதில்லை.

ஆடி முடிகிற நேரம் அக்கா கொப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு அந்த வாடிக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

முதல் நாள் அவர்கள் சிரித்த சிரிப்பு! அக்கா மூச்சு முட்டுகிறதா என்று கேட்க நினைத்து வேறு எதையோ கேட்டுவிட்டார் போல. சிலாபத்திலிருந்து வந்த நிமல் என்ற கிழவர் அதைத் திருத்தி, அக்காவை மூன்று தரம் சொல்ல வைத்தார். அதன் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் ஒருவரை இருத்தி, பரீட்சையில் போலவே கைத்தொலைபேசியில் பதினைந்து நிமிட அலாரம் வைத்து, என்ன வருத்தம், எப்போதிருந்து, வீட்டில் வேறு யாருக்கும் உண்டா என்று கேட்பார். கடைசியில் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "இவ்வளவும் கேட்டுவிட்டு ஒரு பனடோல்கூட இல்லையா?" என்று ஒருவர் சிங்களத்தில் சண்டை பிடித்தார். அந்தச் சண்டையையும் அக்கா கொப்பியில் எழுதிக்கொண்டார்.

இரண்டாம் கிழமை கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் றொமேஸ் மாமா அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார்.

"உனக்கு வெக்கமில்லையோ? அவங்கட வாடிக்கு என்னத்துக்குப் போறனி?"

"நோயாளி தேடிப் போறன் மாமா."

"ஏன், எங்களுக்கு வருத்தம் வாறேல்லையோ?"

"வருது. ஆனா நீங்கள் தமிழிலதானே இருமுறியள்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமா என்னை முறைத்தார்.

"அவங்களுக்கு எதிரா அரசாங்க அதிபரின்ர கச்சேரிக்குக் குடுத்த மனுவில நீயும் கையெழுத்து வைச்சனி!"

"ஓம், வைச்சனான். எங்கட இடத்தில வலை போடக் கூடாது எண்டு இப்பவும் சொல்லுவன். அவையளுக்கு நேரயே சொன்னனான்."

"சொல்லிப்போட்டோ அங்க போய்க் குந்தியிருக்கிறாய்?"

"ஓம். அதையும் சிங்களத்திலதான் சொன்னனான். நிமல் ஐயா அதிலயும் ரெண்டு பிழை திருத்தினவர்."

மாமா அக்காவின் தகப்பன் பக்கம் திரும்பினார். "கிறிஸ்தோப்பர், இனி உன்ர போட்டைக் கரையேத்த ஒருத்தனும் வரமாட்டான். சங்கத்தின்ர முடிவு."

அவர் போன பிறகு தகப்பன் மெல்லக் கேட்டார். "ஒரு மாசம் நிப்பாட்டன், பிள்ளை."

"ஒரு மாசத்தில அவையள் ஊருக்குப் போயிடுவினம் அப்பா. சோதினை மார்கழியில. இப்ப விட்டா திரும்பவும் அதே கேள்வியில நிண்டு முழுசுவன்."

தகப்பன் வலையை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனார். அடுத்த நாள் காலை படகு கரைக்கு வந்தபோது உண்மையாகவே ஒருவரும் வரவில்லை. அக்கா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். அக்காவின் தாயும் நானும் இறங்கினோம். நாலு பேர் செய்கிற வேலையா அது? இயந்திரத்தைக் கழற்றி, மீனை இறக்கி, அலைக்கு அலை கொஞ்சமாகத் தள்ளி, அரை மணித்தியாலம் எடுத்தது. கரையில் நின்று பார்த்தவர்களிடம் அக்கா சத்தமாகச் சொன்னார்: "பாத்துக்கொண்டு நிக்கிறவைக்கும் முதுகு நோகும். வந்தா விபரம் கேப்பன்!" ஐந்தாம் நாள் பக்கத்துப் படகுக்காரர் இரண்டு பேர் தாங்களாகவே வந்து தோள் கொடுத்தார்கள். அன்று பின்னேரம் அக்கா வாடிக்குப் புறப்பட்டபோது தகப்பன் பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை.

புரட்டாசியில் வாடி பிரிந்தபோது கொப்பியில் நாற்பத்தொரு பேர் இருந்தார்கள்.

மார்கழிப் பரீட்சையில் வந்த நோயாளியும் சிங்களம் பேசுகிறவர்தான். அக்கா எல்லாவற்றையும் கேட்டு முடித்தபோது அந்த மனிதர், "மிஸ்ஸுக்குச் சிலாபமா? கடல்காரர் மாதிரிக் கதைக்கிறீர்கள்" என்றாராம். பரீட்சகர்களும் சிரித்துவிட்டார்களாம்.

பங்குனியில் முடிவு வந்தது. சித்தி.

றொமேஸ் மாமா திரும்பவும் வீட்டுக்கு வந்தார். இந்த முறை கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார். மாதா திருநாளுக்குச் சங்கம் வரவேற்பு வைக்கப் போகிறதாம். மாலை, மேளம், பெரிய பதாகை.

"நாப்பத்தொரு பேரிட்டக் கேட்டுத்தான் நான் பாஸ் பண்ணினனான்" என்றார் அக்கா. "அவையள் அடுத்த மாசம் வருவினம். அவையளுக்கும் சொல்லுவியளோ?"

"அது எப்பிடிப் பிள்ளை? வலைப் பிரச்சினை இன்னும் முடியேல்லையே."

"அது முடியேல்லைதான். மனுவை நான் திருப்பி எடுக்கச் சொல்லேல்லை. மேளம் அடிக்கிறதெண்டா அவையளையும் கூப்பிட்டு அடியுங்கோ. இல்லாட்டி எனக்கும் வேண்டாம்."

மாமா தகப்பனைப் பார்த்தார். தகப்பன் சொன்னார்: "அவள் சொன்னதுதான் றொமேஸ்."

வரவேற்பு நடக்கவில்லை. ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கான கடிதம் வந்த கிழமை அக்கா ஒரு பையோடு காலை பஸ் ஏறினார். ஏற்றிவிடத் தாயும் தகப்பனும் நானுமாக மூன்று பேர்தான் நின்றோம்.